குடியிருப்போரின் மகிழ்ச்சியை அளந்து நகரத்தைத் திட்டமிட முடியுமா?

கேள்வி: நொய்யல் கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் நகரமைப்புத் துறை முதுநிலைப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். குளக்கரையை ஒட்டிய இரண்டு வார்டுகளில் குடியிருப்போர் தங்கள் வாழ்க்கையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து நடைபாதை, மரநிழல், பேருந்து, மழைநீர் வடிகால் ஆகியவற்றில் எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல இயலுமா என்பதுதான் என் ஆய்வேடு.

முப்பது வீடுகளில் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்ததிலேயே குழப்பம் வந்துவிட்டது. "பூச்சியம் முதல் பத்து வரை, நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். குடிநீர் பத்து நாளைக்கு ஒரு முறை வரும் தெருவில், மழை பெய்தால் சாக்கடை வாசல்படி ஏறும் வீட்டில், ஒரு பாட்டி, "எனக்கென்ன கண்ணு குறை, பத்தே போட்டுக்கோ" என்றார். இரண்டு தெரு தள்ளி, வாசலில் வேப்பமரமும் நடக்கிற தூரத்தில் பேருந்து நிறுத்தமும் உள்ள வீட்டில் ஒரு வங்கி அலுவலர் நீண்ட நேரம் யோசித்து ஐந்து என்றார். இந்த எண்களை மட்டும் நம்பினால், வடிகாலை வங்கி அலுவலரின் தெருவில்தான் கட்ட வேண்டும்.

மக்களிடம் கேட்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2021 மார்ச்சில் வெளியான, 2020ஆம் ஆண்டுக்கான 'எளிதாக வாழத்தக்க நகரங்கள்' குறியீட்டில் 30 விழுக்காடு மதிப்பெண் குடிமக்களின் கருத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 111 நகரங்களில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு முதலிடமும் சென்னை நான்காம் இடமும் கோவை ஏழாம் இடமும் பெற்றன. ஆனால் மக்களின் கருத்தை மட்டும் பார்த்தால் முன்னால் நின்றது புவனேஸ்வரம். கட்டமைப்பு சொல்வதும் குடியிருப்பவர் சொல்வதும் ஏன் இப்படி விலகி நிற்கின்றன?

இன்னொரு கவலையும் உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டால், சாலையை அகலப்படுத்துங்கள், வண்டி நிறுத்த இடம் கொடுங்கள் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். மகிழ்ச்சியைப் பின்தொடர்ந்தால் நீடித்த நகரம் கிடைக்குமா, அல்லது இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சராசரிக்கு அப்பால்

சகோதரிக்கு வணக்கம். நான் புள்ளியியல் கற்பிப்பவன். வீட்டு வாசலில் நின்று கணக்கெடுத்த அனுபவமும் ஓரளவு உண்டு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டி சொன்ன பத்து பொய் அல்ல. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத்தான் தந்தார். கேள்விதான் ஒரே மூச்சில் நான்கைந்து விஷயங்களைக் கேட்டுவிட்டது.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் இதை நான்காகப் பிரித்துக் கேட்கிறது. மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது, நீங்கள் செய்யும் காரியங்கள் எவ்வளவு பயனுள்ளவையாகத் தோன்றுகின்றன, நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், நேற்று எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள் என்று தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை. வாழ்க்கையை எடைபோட்டுச் சொல்வது வேறு, நேற்றைய பொழுதை நினைவிலிருந்து சொல்வது வேறு. சாக்கடையும் பேருந்தும் முதலில் உறைப்பது நேற்றைய பொழுதில்தான்.

தமிழில் இதைக் கேட்கும்போது சொல்லும் கவனம் கேட்கிறது. 'மகிழ்ச்சி' என்பது பெரும்பாலான வீடுகளில் வாழ்த்து அட்டையிலும் மேடையிலும் வரும் சொல். 'சந்தோஷம்' என்றால் கல்யாணம், பிள்ளைப்பேறு, பரீட்சையில் தேறிய செய்தி. அன்றாடம் ஒரு மனிதர் தமக்கு வேண்டும் என்று ஏங்குவது 'நிம்மதி'. அதைக் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே மாறும். அதோடு, நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று குறைத்துச் சொல்வோர் ஒரு பக்கம், முன்பின் தெரியாத பெண்ணிடம் வீட்டுக் குறையைச் சொல்லலாமா என்று கூட்டிச் சொல்வோர் மறு பக்கம். இரண்டும் நம் ஊர்ப் பண்பு, இரண்டும் எண்ணில் ஏறிவிடும். உலக மகிழ்ச்சி அறிக்கைக்கு அடிப்படையான ஏணிக் கேள்வி இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தவிர்க்கிறது. பத்துப் படி ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களால் வாழ முடிந்த மிக நல்ல வாழ்க்கை உச்சியிலும் மிக மோசமானது அடியிலும் இருந்தால் இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று அது கேட்கிறது. ஏணியைப் படமாகவே வரைந்து கையில் கொடுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை வைத்துக் காட்டுவார்.

இந்தக் கேள்வியைப் படிவத்தின் தொடக்கத்திலேயே வைப்பது முக்கியம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. சாக்கடை, கொசு, தண்ணீர் என்று பத்து கேள்வி கேட்டுவிட்டு வாழ்க்கை எப்படி என்றால், வருகிற பதில் வாழ்க்கையைப் பற்றியதாக இருக்காது, சாக்கடையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அமர்த்தியா சென் நீண்ட காலமாக எழுப்பும் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். நெடுநாள் இல்லாமையில் வாழ்ந்தவர் ஆசையைச் சுருக்கிக்கொண்டு, கிடைத்ததில் நிறைவு காண்பார். அந்த நிறைவைக் காட்டி அவருக்குரியதை மறுப்பது அநீதி. ஆகையால் நிறைவின் எண்ணை மட்டும் வைத்து எந்தத் தெருவுக்கும் பணம் ஒதுக்கவோ மறுக்கவோ கூடாது. அதனோடு நடந்ததைக் கேளுங்கள். நேற்று தண்ணீருக்காக எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், இருட்டிய பிறகு தனியாகக் கடைக்குப் போனீர்களா, வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்க அக்கம்பக்கத்தில் எத்தனை வீடு உண்டு. இவற்றுக்குப் பாட்டியும் பத்து சொல்லிவிட முடியாது.

மாதிரி அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. இத்தகைய பதில்களின் திட்ட விலக்கம், அதாவது பதில்கள் சராசரியைச் சுற்றிச் சிதறி நிற்கும் அளவு, ஏறக்குறைய 2 என்று வைத்துக்கொண்டால், ஒரு வார்டில் 100 பேரைக் கேட்டுக் கிடைக்கும் சராசரியில் ஏறத்தாழ 0.4 கூடவோ குறையவோ பிழை இருக்கும். 400 பேரைக் கேட்டால் அது 0.2 ஆகும். உங்கள் இரு வார்டுகளிலும் நூறு நூறு பேரைக் கேட்டு, சராசரி 0.3 வேறுபட்டது என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. வார்டுகளைத் தரவரிசைப்படுத்தும் ஆசையை விட்டுவிட்டு, ஒரே வார்டுக்குள் வடிகால் உள்ள தெருவையும் இல்லாத தெருவையும் ஒப்பிடுங்கள். ஆய்வின் பயன் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2: வடகிழக்குக் குளிர்

நான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு அருகில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்களுக்குப் பக்கத்திலுள்ள சோமர்வில் நகரம் இந்த முயற்சிக்கு ஒரு முன்னோடி என்பதால் எழுதுகிறேன். சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் 80,000 பேர் நெருக்கமாக வாழும் ஊர் அது. மூன்றடுக்கு மரவீடுகளும் குறுகிய தெருக்களும் நிறைந்தது. 2011இல் மேயர் ஜோசப் கர்ட்டடோன் காலத்தில், ஆண்டுதோறும் வீடுகளுக்கு அனுப்பும் நகரக் கணக்கெடுப்புப் படிவத்தோடு மகிழ்ச்சி பற்றிய சில கேள்விகளையும் சேர்த்து அனுப்பினார்கள். ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் கில்பர்ட் ஆலோசனை தந்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைத் தொடர்ந்து, பெயர்கள் நீக்கிய பதில்களை யாரும் எடுத்து ஆராயும்படி பொதுவில் வெளியிட்டார்கள்.

அந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக உணர்கிறீர்கள் என்பதற்குப் பக்கத்திலேயே, நகரச் சேவைகளைப் பற்றிய தகவல் கிடைப்பது, வீட்டுச் செலவு, அரசுப் பள்ளிகளின் தரம், உள்ளூர்க் காவல்துறை மீதான நம்பிக்கை, தெருவும் நடைபாதையும் பராமரிக்கப்படும் விதம், கூடிக் கலக்கும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கேட்பார்கள். மொத்த நிறைவோடு எது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை அப்போது பார்க்க முடியும். கணக்கறிந்தவர்கள் உடனே சொல்வார்கள், சேர்ந்து ஏறுவதெல்லாம் காரணமாகிவிடாது என்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எங்கே நின்று மேலும் விசாரிக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2022இல் பாஸ்டனின் 'பச்சை வழித்தடம்' என்ற ரயில் பாதை சோமர்வில்லுக்குள் நீட்டிக்கப்பட்டது. காரை விட்டுவிட்டு ரயிலில் போகலாம் என்பது சூழலுக்கு நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் ரயில் வருகிற இடத்தில் வாடகை ஏறும் என்ற அச்சம், தண்டவாளம் போடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே பேசப்பட்டது. இப்படி யோசித்துப் பாருங்கள். வாடகை தாங்காமல் நிறைவு குறைந்த குடும்பங்கள் வெளியேறி, அவர்கள் இடத்துக்கு வசதியுள்ளவர்கள் வந்தால், ஒரே ஒருவரின் வாழ்க்கைகூட மேம்படாமலேயே நகரத்தின் சராசரி மகிழ்ச்சி உயர்ந்துவிடும். அடுத்த கணக்கெடுப்பைப் பார்ப்பவர் திட்டம் வெற்றி என்று எழுதிவிடுவார். ஆகவே உங்கள் படிவத்தில், இந்த வீட்டுக்கு எந்த ஆண்டு குடிவந்தீர்கள், சொந்த வீடா வாடகை வீடா என்ற இரண்டு கேள்விகளையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் மேலே சொன்ன ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

மறுமொழி 3: பழைய வரைபடம்

நகரமைப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இரண்டாம் கேள்வி, அதாவது மக்கள் கேட்பதும் நீடித்த நகரமும் எதிரெதிரா என்பது, என் பணிக்காலம் முழுவதும் என்னோடு வந்த கேள்வி. மேலே எழுதியவர்கள் அளவிடும் முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அம்மா.

"உங்களுக்கு என்ன வேண்டும்" என்பதும் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்பதும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு மக்கள் தாங்கள் கண்டறிந்தவற்றிலிருந்துதான் பதில் சொல்வார்கள். கண்டிராத ஒன்றைக் கேட்கத் தெரியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கும் திட்டத்தைத் தொடக்கத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி தொடங்கி ஜூலை முடிய ஏழு மாதம் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள், 2007 ஆகஸ்டிலிருந்து கட்டணம் நிரந்தரமானது. வாழ்ந்து பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கருத்தையே இறுதியாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் திட்டம் கோப்பிலேயே மடிந்திருக்கும். ஆகையால் கருத்துக் கேட்பை ஒரு முறை நடத்தி முடித்துவிடாதீர்கள். ஒரு தெருவில் சில மாதம் வண்டிகளைக் குறைத்துப் பார்த்து, முன்னும் பின்னும் அதே மனிதர்களிடம் அதே ஏணியைக் காட்டுங்கள்.

அகலமான சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960களின் இறுதியில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகரமைப்புப் பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்களும் ஆறு அறிமுகக்காரர்களும் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் நண்பர் ஒருவருக்கும் குறைவு, அறிமுகக்காரர்கள் மூன்று பேர். உங்கள் வீடு எதுவரை என்று வரைபடத்தில் கோடு போடச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாக வரைந்தார்கள். மூன்றாம் தெருக்காரர்களின் கோடு தங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அந்த வரைபடங்களைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. சாலையை அகலப்படுத்துங்கள் என்று கேட்கும் அதே மனிதரிடம் அக்கம்பக்கத்தில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைப்பீர்கள் என்றும் கேட்டால், அவர் கேட்பதற்கும் அவருடைய நிம்மதிக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்துவிடும்.

புறநகர் வீட்டுமனை மோகத்துக்கும் இதே கதைதான். ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கப்பட்ட குடும்பக் கணக்கெடுப்பை ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே என்ற பொருளாதார அறிஞர்கள், வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கை நிறைவு குறைவதாகக் கண்டார்கள். பெரிய வீடும் கூடுதல் சம்பளமும் அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. புதிய வீடு சில மாதத்தில் பழகிவிடுகிறது, நெரிசலில் நிற்கும் காலை மட்டும் பழகுவதே இல்லை. இந்த இடத்தில் குடியிருப்பவரின் நலனும் எரிபொருள் சிக்கனமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

எல்லா இடத்திலும் அப்படி நிற்கும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். நீர்வழியை மறித்துக் கட்டிய குடியிருப்பில் வாழ்பவர் இன்று மிக நிறைவாக இருக்கலாம், அதற்கான விலையை இருபது ஆண்டு கழித்துக் கீழ்ப்பகுதியில் பிறக்கப்போகும் குழந்தை கொடுக்கும். அந்தக் குழந்தையிடம் எந்தப் படிவத்தையும் நீட்ட முடியாது. வேல்ஸ் நாட்டில் 2015இல் வருங்காலத் தலைமுறையினரின் நலனுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அவர்கள் சார்பில் பேச ஓர் ஆணையரையும் அமர்த்தினார்கள். குளம், வாய்க்கால், தரைக்கு அடியில் உள்ள நீர் ஆகியவற்றுக்கான வரம்பை முதலில் வரைந்துவிட்டு, அந்த வரம்புக்குள் எதைச் செய்தால் மக்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று கேட்பதுதான் சரியான வரிசை என்பது என் துணிபு. வாய்க்காலை மூடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தக் கூடாது.

நொய்யல் கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏணிப் படத்தை நேற்றே வரைந்துவிட்டேன். 'நிம்மதி' என்ற சொல்லைப் போட்டு என் பாட்டியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேட்டுப் பார்த்தேன். உடனே பேசத் தொடங்கிவிட்டார்கள், நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது.

இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. குளக்கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. இன்று அந்தக் கரையில் நடைப்பயிற்சி செய்வோரிடம் கேட்டால் ஒன்பது, பத்து என்றுதான் வரும். போனவர்கள் என் மாதிரியில் எங்கே? அடுத்தது, சராசரியைத் தராவிட்டால் அலுவலர்களிடம் எதைக் கொடுப்பது? அவர்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

மறுமொழி 4: சராசரிக்கு அப்பால்

முதல் ஐயத்துக்கு என் பதில் நேரானது. போனவர்களைத் தேடிப் போங்கள். உங்கள் மாதிரியின் எல்லை இன்றைய வார்டு எல்லையாக இருக்க வேண்டியதில்லை, திட்டம் தொடங்கிய நாளில் அங்கே வாழ்ந்தவர்கள் அனைவரும் என்று வரையறுத்துக்கொள்ளலாம். நூறு பேரில் இருபத்தைந்து பேர் இடம்பெயர்ந்த குடும்பங்களாக இருந்தால் போதும், ஆய்வேட்டின் முகமே மாறிவிடும். அவர்களிடம் வீட்டைப் பற்றி மட்டும் கேட்காமல், வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் நேரத்தையும் பழைய அக்கம்பக்கத்தாரோடு இன்னும் தொடர்பு உண்டா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவதற்குப் பூட்டான் ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஒட்டுமொத்தத் தேசிய மகிழ்ச்சியை ஒன்பது களங்களில் 33 குறிகாட்டிகளால் அளக்கிறார்கள். உளநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, சமூக உறவு, சூழல் என்று அவை விரிகின்றன. ஒவ்வொன்றிலும் 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று ஓர் அளவை முன்பே குறித்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு களங்களில் போதுமான அளவு இருந்தால் அவர் நிறைவாக வாழ்பவர். ஒன்றில் மிகுதியாக இருப்பது இன்னொன்றின் குறையை மறைத்துவிடாது. நல்ல சம்பளம், போதிய தூக்கத்தின் இடத்தை நிரப்பாது. குறியீட்டு எண் 2015இல் 0.756, 2022இல் 0.781 என்று அவர்களும் ஒரே எண்ணைத் தருகிறார்கள்தான். ஆனால் அந்த எண்ணைப் பிரித்தால், இன்னும் நிறைவடையாதவர்கள் யார், எந்த மாவட்டத்தில் எது குறைகிறது என்பது வரை தெரிகிறது.

டோக்கியோவின் அரகாவா வட்டாரம் இதைவிடச் சிறிய அளவில், சுமார் பத்து சதுர கிலோமீட்டரில், இதைச் செய்கிறது. மக்களை மகிழ்ச்சியாக வைப்பதற்கான அமைப்பே வட்டார நிர்வாகம் என்று அறிவித்து, 2009இல் சொந்த ஆய்வு நிறுவனம் தொடங்கி, 46 குறிகாட்டிகளை உருவாக்கினார்கள். ஆனால் அந்த நிறுவனம் தொடக்கத்திலேயே கையில் எடுத்த பொருள்களில் ஒன்று குழந்தைகளின் வறுமை. மகிழ்ச்சியைக் கூட்டுவதைவிடத் துன்பத்தைக் குறைப்பது முந்தியது என்ற எண்ணம் எனக்கு மிகவும் ஏற்புடையது.

ஆகவே அலுவலர்களுக்கு ஒரு தெரு வரைபடம் கொடுங்கள். தண்ணீர், வடிகால், நிழல், இரவில் பாதுகாப்பு, அக்கம்பக்கம், பயண நேரம் ஆகிய ஆறிலும் போதுமான அளவை மக்களோடு கலந்து முன்பே முடிவுசெய்துகொண்டு, மூன்றுக்கு மேல் குறைகிற வீடுகளை மட்டும் அதில் புள்ளியாக வையுங்கள். ஓர் எண் வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையே எண். நீங்கள் குறிப்பிட்ட பாட்டி ஏணியில் பத்தாம் படியில் நின்றாலும், தண்ணீரிலும் வடிகாலிலும் குறை உள்ளவர் என்பது அவருடைய படிவத்தில் பதிவாகியிருக்கும்.

மறுமொழி 5: பழைய வரைபடம்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த வரைபடத்தை, வடிகால் பணிக்கான மதிப்பீடு தயாராவதற்கு முன்பே அலுவலர்களின் மேசைக்குக் கொண்டு போய்விடுங்கள், அம்மா. ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு வரும் ஆய்வைப் பாராட்டிப் படிப்பார்கள். ஆனால் ஒரு குழாயின் இடத்தைக்கூட அது மாற்றாது. இரண்டு வார்டுகளிலும் மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் கேட்க உங்களுக்கு நேரம் இருக்குமானால், கேள்விப் படிவத்தை இங்கே பதியுங்கள். சரிபார்த்துத் தருகிறேன்.